இயந்திரம் எதைப் பார்த்தது?

பிள்ளையின் போனில் "ஆபாசப் படம் இருக்கக்கூடும்" என்று ஓர் அலர்ட் வந்துவிட்டால் பெற்றோரின் கை நேராகக் கேலரிக்குத்தான் போகும். ஆயிரக்கணக்கான படங்களை விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார்கள். ஒன்றும் கண்ணில் படாவிட்டால், பிள்ளை முன்கூட்டியே அழித்துவிட்டது என்று முடிவு கட்டுவார்கள். ஏதாவது பட்டுவிட்டால் உடனே டெலீட் செய்வார்கள். அல்லது தங்கள் போனில் அதைப் படமெடுத்து, கணவருக்கோ மனைவிக்கோ அக்காவுக்கோ அனுப்பி "இதைப் பாரேன்" என்பார்கள். பதற்றத்தில் யாரும் செய்யக்கூடியவைதான். ஆனால் இந்த மூன்றுமே பிள்ளைக்குக் கெடுதலாக முடியலாம். கடைசியாகச் சொன்னது சட்டப்படி குற்றமாகவும் ஆகலாம்.

அலர்ட் என்பது ஒரு கணக்கின் விடை. ஒரு படத்தின் பிக்சல்களைப் பற்றி ஓர் இயந்திரம் போட்ட மதிப்பீடு. பிள்ளை என்ன செய்தது, யார் அதற்கு என்ன செய்தார்கள் என்பது அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. மதிப்பீடு எப்படிப் பிறக்கிறது, படங்கள் போனுக்குள் எந்த வழியாக வருகின்றன, அழித்த பிறகு எங்கே போகின்றன என்று ஓரளவு தெரிந்துகொண்டு கேலரியைத் திறந்தால் பயன் உண்டு. அதுவரை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இந்த அத்தியாயத்தைப் படிக்கலாம்.

ஒப்பிடும் இயந்திரம்

படங்களைச் சோதிக்கும் மென்பொருள்கள் இரண்டு வகை. முதல் வகைக்குப் படத்தில் இருப்பது மனிதரா மாமரமா என்றே தெரியாது. குழந்தைப் பாதுகாப்பு அமைப்புகள் ஏற்கெனவே பார்த்து, உறுதிசெய்து, பட்டியலில் சேர்த்த படம்தானா இது என்று மட்டும் அது ஒப்பிட்டுச் சொல்லும்.

கேட்பதற்கு எளிய வேலையாகத் தெரியும். ஒரு கோப்பை அடையாளம் காண 'ஹாஷ்' என்ற முறை கணினி உலகில் பல காலமாக உண்டு. கோப்பில் உள்ள எல்லாத் தகவலையும் ஒரு சூத்திரத்தில் போட்டுக் கலக்கினால் ஒரு நீண்ட எண் கிடைக்கும். எஸ்எச்ஏ-256 என்ற சூத்திரம் தருவது 256 பிட் நீளமுள்ள எண். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் விடையில் ஏறக்குறைய பாதி பிட்கள் மாறிவிடும். ஆவணம் திருத்தப்பட்டதா என்று கண்டுபிடிக்க இது பெரிய பலம். படங்கள் விஷயத்தில் இதுவே பலவீனம். வாட்ஸ்அப்பில் ஒரு படத்தை வழக்கம்போல அனுப்பினாலே அது சுருக்கப்பட்டு வேறொரு கோப்பாகிவிடுகிறது. கண்ணுக்கு அதே படம்தான். எஸ்எச்ஏ-256க்கு அது முற்றிலும் அந்நியம்.

2009இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும், அப்போது டார்ட்மவுத் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஹானி ஃபரீதும் சேர்ந்து உருவாக்கிய ஃபோட்டோடிஎன்ஏ இந்தச் சிக்கலுக்கு வழி கண்டது. அது முதலில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, குறிப்பிட்ட அளவுக்குச் சுருக்கி, கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் வெளிச்சம் எந்தப் பக்கமாக எவ்வளவு கூடிக் குறைகிறது என்று அளக்கிறது. கடைசியில் மிஞ்சுவது 144 எண்கள். ஒரே புள்ளிக் கோலத்தை அரிசி மாவில் போட்டாலும் கலர்ப் பொடியில் போட்டாலும், குறுகிய வாசலில் போட்டாலும் அகன்ற வாசலில் போட்டாலும் அது அதே கோலம்தான். அப்படித்தான் படத்தின் நிறத்தையும் அளவையும் மாற்றினாலும் அந்த எண்வரிசை அதிகம் அசைவதில்லை. இரண்டு படங்களின் வரிசைகள் மிக நெருங்கியிருந்தால் இரண்டும் ஒன்று என்று இயந்திரம் சொல்லிவிடும்.

அமெரிக்காவில் காணாமல்போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்காக 1984இல் தொடங்கப்பட்ட தேசிய மையம் ஒன்று இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் இந்தத் தொழில்நுட்பத்தை அதற்கு இலவசமாகக் கொடுத்தது. இன்று பெரிய இணைய நிறுவனங்கள் பலவும் இதையோ இதைப் போன்ற ஒன்றையோ தங்கள் சர்வர்களில் ஓட்டுகின்றன. 2023இல் மட்டும் அந்த மையத்துக்குப் போன புகார்கள் 3 கோடியே 62 லட்சம். பெரும்பாலானவை இணைய நிறுவனங்கள் அனுப்பியவை. 2019இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி இந்தியாவைச் சேர்ந்த தகவல்கள் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கு வந்து, அங்கிருந்து மாநிலக் காவல்துறைகளுக்குப் பிரித்து அனுப்பப்படுகின்றன.

இந்தச் சோதனையை சர்வரில் நடத்தாமல் போனுக்குள்ளேயே நடத்தலாமே என்று ஆப்பிள் நிறுவனம் 2021 ஆகஸ்டில் ஒரு திட்டத்தை அறிவித்தது. நியூரல்ஹாஷ் என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு படத்துக்கும் 96 பிட் நீளமுள்ள எண் ஒன்றைத் தரும். பட்டியலோடு சுமார் 30 படங்கள் பொருந்தினால்தான் மனிதர் ஒருவர் பார்ப்பார் என்று நிறுவனம் சொன்னது. ஒரு படம் தற்செயலாகப் பொருந்திவிடலாம், முப்பது பொருந்துவது அரிது என்பது அதன் தர்க்கம். ஆனால் அறிவிப்பு வந்து இரண்டு வாரத்துக்குள், நாயின் படம் ஒன்றுக்கும் வெறும் சாம்பல் நிறக் குழப்பமாகத் தெரியும் இன்னொரு படத்துக்கும் ஒரே நியூரல்ஹாஷ் வரும்படி ஆய்வாளர்கள் செய்து காட்டிவிட்டார்கள். இன்று குழந்தைகளுக்காக என்று வைக்கும் கண்ணை நாளை ஓர் அரசு வேறு படங்களைத் தேடச் சொன்னால் என்ன ஆகும் என்ற கேள்வியும் உலகம் முழுக்க எழுந்தது. 2022 டிசம்பரில் ஆப்பிள் திட்டத்தையே கைவிட்டது. கைவிட்டது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் குழந்தைகளைச் சீரழிக்கும் படங்கள் அதனால் குறைந்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் விஷயத்துக்கு வருவோம். ஒப்பிடும் இயந்திரத்தில் ஒரு படம் சிக்கினால், அந்த நிறுவனம் தகவலைப் பெற்றோருக்கு அனுப்புவதில்லை. நேராக மேலே சொன்ன மையத்துக்கு அனுப்பும். எனவே பெற்றோர் கையில் அலர்ட்டாக வந்து விழுவது பெரும்பாலும் இரண்டாவது வகை இயந்திரத்தின் வேலை.

ஊகிக்கும் இயந்திரம்

இரண்டாவது வகையிடம் பட்டியல் எதுவும் கிடையாது. இதுவரை பார்த்தே இராத படத்தைப் பார்த்து, உடையில்லாத உடல் போலத் தெரிகிறதா என்று அது ஊகிக்க வேண்டும்.

இந்த முயற்சிக்கு ஏறக்குறைய 30 வயது. 1996இல் மார்கரெட் ஃபிளெக், டேவிட் ஃபோர்சைத், கிறிஸ் பிரெக்லர் மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அவர்களுடைய நிரல் முதலில் படத்தில் தோல் நிறமுள்ள பகுதிகளைப் பிரித்தெடுக்கும். பிறகு அந்தப் பகுதிகள் கை, கால், உடல் என்ற ஒழுங்கில் பொருந்துகின்றனவா என்று பார்க்கும். மனிதர்கள் தாங்களே வகுத்துக் கொடுத்த விதிகளின்படி அது இயங்கியது. 2012க்குப் பிறகு ஆழ்கற்றல் வந்தது. விதிகளை யாரும் எழுதித் தருவதில்லை. லட்சக்கணக்கான படங்களை 'இது அப்படிப்பட்டது, இது அப்படிப்பட்டதில்லை' என்று அடையாளமிட்டுக் காட்டினால் நிரல் தானே வேறுபாட்டைக் கற்றுக்கொள்கிறது. 2016இல் யாஹூ நிறுவனம் இப்படிப்பட்ட ஒரு நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டது. ஒரு படத்தைக் கொடுத்தால் 0 முதல் 1 வரை ஒரு மதிப்பெண் தரும். 0.2க்குக் கீழே என்றால் பெரும்பாலும் பாதுகாப்பானது, 0.8க்கு மேலே என்றால் பெரும்பாலும் ஆபாசமானது. நடுவில் இருப்பவற்றை என்ன செய்வது என்பதைப் பயன்படுத்துகிறவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இந்த நடுப்பகுதியில்தான் குடும்பங்களின் நிம்மதி தொங்குகிறது. எந்த மதிப்பெண்ணில் அலர்ட் அடிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது ஆப்பைச் செய்த நிறுவனம். கோட்டைக் கீழே இறக்கினால் உண்மையான ஆபத்துகள் அதிகம் சிக்கும், வெற்று அலர்ட்டுகளும் பெருகும். மேலே ஏற்றினால் வெற்று அலர்ட்டுகள் குறையும், ஆபத்துகளும் நழுவும். இரண்டையும் ஒருசேரச் சரிசெய்யும் கோடு என்று ஒன்று கிடையாது.

எவ்வளவு தூரம் தவறலாம்? லண்டன் பெருநகரக் காவல்துறையில் டிஜிட்டல் தடயவியலுக்குத் தலைமை வகித்த மார்க் ஸ்டோக்ஸ் 2017இல் ஒரு பேட்டியில், தங்கள் மென்பொருள் சில நேரம் பாலைவனப் படத்தை நிர்வாணப் படமாக எடுத்துக்கொள்கிறது என்று ஒப்புக்கொண்டார். மணல் மேட்டின் வளைவும் நிறமும் அதை ஏமாற்றிவிட்டன. நம் வீடுகளில் பாலைவனம் இல்லை. ஆனால் பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் கைக்குழந்தையின் படம் இல்லாத போன் உண்டா? அரைஞாண் கயிறு மட்டும் கட்டியிருக்கும் ஒரு வயதுப் பையன், குப்புற விழுந்து தலை தூக்கும் மூன்று மாதக் குழந்தை, ஆற்றில் குளிக்கும் தாத்தா, கோயில் சிற்பங்கள் எல்லாமே நடுப்பகுதி மதிப்பெண் வாங்கக்கூடியவை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் இயந்திரம் நல்ல படங்களில் ஆயிரத்தில் ஒன்றை மட்டும் தவறாகப் பிடிக்கிறது, கெட்ட படங்களில் பத்தில் ஒன்பதைப் பிடித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு அபாரமான இயந்திரம். பிள்ளையின் போனில் 6,000 படங்கள், அவற்றில் இரண்டு மட்டும் உண்மையிலேயே மோசமானவை என்றும் வைத்துக்கொள்வோம். நல்ல படங்களிலிருந்து சுமார் 6 அலர்ட், மோசமானவற்றிலிருந்து சுமார் 2 அலர்ட். மொத்தம் எட்டு அலர்ட்டில் ஆறு பொய். இயந்திரம் 99.9 சதவீதம் சரியாக இருந்தும், அதன் அலர்ட் நான்கில் மூன்று முறை தவறு. மோசமான படம் ஒன்றுகூட இல்லாத போனிலும் அந்த ஆறு வந்தே தீரும். தேடும் பொருள் அரிதாக இருக்கும்போது நல்ல சோதனையும் இப்படித்தான் நடந்துகொள்ளும். புள்ளியியல் படித்த மருத்துவர்களுக்கு இது பழகிய உண்மை. அரிய நோய்க்கு எல்லோரையும் சோதித்தால், 'நோய் உண்டு' என்று வரும் முடிவுகளில் பாதிக்கு மேல் பொய்யாக இருக்க முடியும்.

ஆகவே அலர்ட் வந்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்தப் படம் என்பது. அடுத்தது, அலர்ட்டை அனுப்பியது யார் என்பது. அமெரிக்காவில் விற்கும் 'பார்க்' போன்ற கண்காணிப்பு ஆப்கள் பிள்ளையின் போனில் சேமித்திருக்கும் படங்களையும் துழாவிப் பெற்றோருக்கு அலர்ட் அனுப்புகின்றன. ஆப்பிள் வேறு வழியில் போகிறது. 2021 டிசம்பரில் அமெரிக்காவில் வந்து, 2023இல் ஐஓஎஸ் 17இலிருந்து 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தானாகவே இயங்கும் அதன் 'தகவல்தொடர்புப் பாதுகாப்பு' வசதி, படத்தை மங்கலாக்கிவிட்டுப் பிள்ளையிடம்தான் பேசுகிறது. பார்க்க வேண்டாம், பெரியவர் ஒருவருக்குச் செய்தி அனுப்பு, உதவி கேள் என்று சொல்கிறது. சோதனை முழுவதும் போனுக்குள்ளேயே நடக்கிறது. ஆரம்பத்தில், சிறு பிள்ளை அந்தப் படத்தைத் திறந்தால் பெற்றோருக்குத் தானாகத் தகவல் போகும் என்றுதான் திட்டம். கொடுமைக்காரப் பெற்றோர் இருக்கும் வீட்டில் அது பிள்ளைக்கே ஆபத்தாகும் என்று எதிர்ப்பு வந்ததும் அதை நீக்கிவிட்டார்கள். எனவே இந்த வசதி இருக்கும் ஐபோனில் பெற்றோருக்குத் தகவல் வந்திருந்தால், அதை அனுப்பியது பிள்ளையாகத்தான் இருக்கும். உதவி கேட்டுவிட்டது என்று பொருள். அந்த நேரத்தில் திட்டுவதைப் போன்ற அநியாயம் வேறில்லை.

வந்த வழி

கேலரி என்பது ஒரே இடம்போலத் தெரியும். உண்மையில் அது பல ஃபோல்டர்களில் கிடக்கும் படங்களைத் திரட்டிக் காட்டும் ஒரு ஜன்னல்தான். படத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பது பல நேரம் அதிகம் சொல்லும்.

போனின் கேமராவில் எடுத்தவை டிசிஐஎம் என்ற ஃபோல்டருக்குள் போகும். 1990களின் இறுதியில் ஜப்பானிய மின்னணுத் தொழில் அமைப்பு டிஜிட்டல் கேமராக்களுக்காக வகுத்த ஏற்பாடு அது. இன்றுவரை உலகம் முழுக்க மாறவில்லை. அந்தப் படங்களோடு எக்சிஃப் என்ற குறிப்பும் ஒட்டியிருக்கும். எடுத்த தேதி, நேரம், கேமராவின் மாடல், அனுமதி கொடுத்திருந்தால் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகூட அதில் இருக்கும். ஸ்கிரீன்ஷாட்டுகளுக்குக் கேமரா விவரம் இருக்காது. வாட்ஸ்அப் வழியாகப் படமாக வந்தவற்றில் எக்சிஃப் குறிப்பு நீக்கப்பட்டிருக்கும். ஆனால் ஆண்ட்ராய்டு போனில் கோப்பின் பெயரே ஒரு குறிப்பு. 'ஐஎம்ஜி' என்று தொடங்கி எட்டு இலக்கத் தேதி, பிறகு 'டபிள்யூஏ', பிறகு அன்றைய வரிசை எண். பிள்ளை தானே அனுப்பியவற்றின் நகல், வாட்ஸ்அப் படங்களுக்கு உள்ளேயே 'சென்ட்' என்ற தனி ஃபோல்டரில் இருக்கும். ஐபோனில் படத்தை மேலே தள்ளினால் அது எந்த ஆப்பிலிருந்து சேமிக்கப்பட்டது என்பதைப் பல நேரம் காட்டும்.

இந்த வேறுபாடுகள் ஏன் முக்கியம்? பிள்ளை தன்னைத்தானே எடுத்த படம் ஒரு கதை. யாரோ அனுப்பி, பிள்ளை கேட்காமலேயே வந்து விழுந்த படம் வேறு கதை. பிள்ளை இன்னொருவருக்கு அனுப்பிய படம் மூன்றாவது கதை. பதற்றத்தில் எல்லாவற்றையும் 'போனில் இருந்தது' என்ற ஒரே வாக்கியத்துக்குள் அடக்கிவிடுகிறோம். வாட்ஸ்அப்பில் தானாக டவுன்லோட் ஆகும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், வகுப்புக் குழுவில் எவனோ ஒருவன் போட்ட படம், பிள்ளை அந்தக் குழுவைத் திறக்காமலேயே கேலரிக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

நம் வீடுகளுக்கே உரிய இன்னொரு வழியும் உண்டு. பிள்ளையின் டேப்லெட்டில் அப்பாவின் கூகுள் கணக்கையே போட்டிருப்போம். கூகுள் ஃபோட்டோஸில் பேக்கப் இயங்கினால், அப்பாவின் போனில் இருக்கும் படங்களும் பிள்ளையின் திரையில் வரும். அப்பாவின் பழைய நண்பர்கள் குழுவில் விடியற்காலையில் வந்த ஒரு படத்துக்கு எட்டு வயதுப் பெண் பதில் சொல்ல வேண்டிய நிலை இப்படித்தான் வருகிறது. பிள்ளையைக் கூப்பிடுவதற்கு முன்னால், அந்தச் சாதனத்தில் எந்தெந்தக் கணக்குகள் இருக்கின்றன என்று அமைப்புகளில் போய்ப் பாருங்கள். இந்த ஒரு சோதனையிலேயே சில அலர்ட்டுகளின் மர்மம் அவிழ்ந்துவிடும்.

கேலரியில் எதுவுமே இல்லை என்றால்? ஐபோனில் அழித்த படம் 'சமீபத்தில் நீக்கியவை' என்ற இடத்தில் 30 நாள் வரை இருக்கும். கூகுள் ஃபோட்டோஸில் பேக்கப் ஆன படங்கள் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், ஆகாதவை 30 நாள். பூட்டிய ஃபோல்டர்கள் உண்டு. கால்குலேட்டர் போலத் தோற்றமளித்துப் படங்களை ஒளித்துவைக்கும் ஆப்களும் உண்டு. வாட்ஸ்அப்பில் 2021 முதல் இருக்கும் 'ஒருமுறை மட்டும் பார்க்கும்' படங்கள் கேலரிக்கு வருவதே இல்லை. ஆக, வெறும் கேலரி எதையும் நிரூபிப்பதில்லை. படங்களைப் பார்க்கும் இயந்திரத்துக்கு மிரட்டல் எழுத்துகளைப் படிக்கத் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். 2021 அக்டோபருக்கும் 2023 மார்ச்சுக்கும் இடையில், சிறார்களை அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டிப் பணம் பறித்ததாக 13,000க்கும் மேற்பட்ட புகார்கள் வந்ததாக அமெரிக்காவின் எஃப்பிஐ சொன்னது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பையன்கள். குறைந்தது 20 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அந்தக் குற்றத்தின் ஆணிவேர் படம் இருக்கும் கேலரியில் இல்லை, அரட்டைப் பெட்டியில் இருக்கிறது.

அழிப்பதும் அனுப்புவதும்

மோசமான படம் ஒன்று உண்மையிலேயே கிடைத்துவிட்டது. உடனே டெலீட் செய்தால் வீடு சுத்தமாகிவிடும் என்று தோன்றும். இங்கேதான் நிதானம் வேண்டும்.

ஸ்மார்ட்போனின் ஃபிளாஷ் நினைவகத்தில் ஒரு கோப்பை அழிக்கும்போது, அது இருந்த இடம் காலி என்று குறிக்கப்பட்டு, பின்னர் ஒரு நேரத்தில் மொத்தமாகத் துடைக்கப்படுகிறது. பழைய கணினி ஹார்ட் டிஸ்கில் அழித்ததை மீட்டதுபோல இங்கே எளிதில் மீட்க முடியாது. இன்றைய போன்களில் கோப்புகள் சங்கேதமாக்கப்பட்டே சேமிக்கப்படுகின்றன. சாவி போய்விட்டால் மிச்சமிருக்கும் பிட்கள் வெறும் இரைச்சல். அழித்ததை மீட்டுத் தருகிறேன் என்று விளம்பரம் செய்யும் ஆப்களில் பணம் கட்டாதீர்கள். குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டால், மிரட்டியவனைப் பிடிக்க உதவும் சாட்சியத்தை நீங்களே துடைத்துவிட்டீர்கள்.

அழிப்பதால் இன்னொரு இழப்பும் உண்டு. மேலே சொன்ன அமெரிக்க மையம் 2023 பிப்ரவரியில் 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவையை அறிவித்தது. 18 வயதுக்கு முன்பு எடுத்த தன் அந்தரங்கப் படம் இணையத்தில் பரவிவிடும் என்று அஞ்சும் எவரும், எந்த நாட்டிலிருந்தும், பெயர் சொல்லாமலேயே இதைப் பயன்படுத்தலாம். படம் போனைவிட்டு வெளியே போவதில்லை. போனுக்குள்ளேயே அதன் ஹாஷ் கணக்கிடப்பட்டு, அந்த எண் மட்டும் போகிறது. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், டிக்டாக் போன்ற சேவையில் சேர்ந்த தளங்கள் அந்த எண்ணோடு பொருந்தும் படத்தைத் தடுக்க முடியும். அத்தியாயத்தின் தொடக்கத்தில் பார்த்த அதே கணிதம், இங்கே பிள்ளையின் கையில் கேடயமாகிறது. ஆனால் எண்ணைக் கணக்கிட மூலப் படம் வேண்டும். அம்மா அவசரத்தில் அழித்துவிட்டால் இந்த வாய்ப்பும் போய்விடும்.

அனுப்புவது அதைவிட ஆபத்து. 2021 பிப்ரவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, தன் சின்னஞ்சிறு மகனுக்குப் பிறப்புறுப்புப் பகுதியில் வீக்கம் இருந்ததைப் படமெடுத்தார். கொரோனா காலம், மருத்துவர் வீடியோவில்தான் பார்ப்பார், படத்தை முன்கூட்டி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அவருடைய ஆண்ட்ராய்டு போன் அந்தப் படத்தைத் தானாகவே கூகுள் கிளவுடுக்கு ஏற்றியது. புதிய படங்களை ஊகித்துப் பிடிக்கும் கூகுளின் இயந்திரம் அதைக் குழந்தைப் பாலியல் படமாக எடுத்துக்கொண்டது. இரண்டு நாளில் அவருடைய கணக்கு முடங்கியது. பல ஆண்டு மின்னஞ்சல், குழந்தையின் படங்கள், போன் எண் எல்லாம் போயின. போலீஸ் விசாரித்துக் குற்றம் எதுவும் இல்லை என்றது. அப்படியும் நிறுவனம் கணக்கைத் திருப்பித் தரவில்லை. 2022இல் நியூயார்க் டைம்ஸ் இதை வெளிக்கொண்டு வந்தது. குழந்தையைக் காப்பாற்ற எடுத்த படத்துக்கே இந்த நிலை என்றால், பிள்ளையின் திரையைத் தன் போனில் படமெடுத்து அது தானாகக் கிளவுடுக்கு ஏறும்படி விடும் பெற்றோர் எவ்வளவு பெரிய சிக்கலில் காலை வைக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தியச் சட்டமும் இதில் கறாரானது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு, சிறாரின் ஆபாசப் படத்தை அனுப்புவதையும் டவுன்லோட் செய்வதையும் தண்டிக்கிறது. முதல் முறைக்கே ஐந்து ஆண்டு வரை சிறை. சென்னையில் பதிவான ஒரு வழக்கில், தனிமையில் டவுன்லோட் செய்து பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. இத்தகைய படத்தை வைத்துக்கொண்டு, அழிக்காமலும் புகார் செய்யாமலும் இருந்தால், சூழ்நிலையைப் பொறுத்து அதைப் பகிரும் நோக்கம் இருந்ததாகவே எடுத்துக்கொள்ள முடியும் என்பது தீர்ப்பின் சாரம். எனவே சாட்சியம் என்று சொல்லி மாதக்கணக்கில் வைத்திருப்பதும் சரியில்லை. புகார் செய்வதற்காகவோ நீதிமன்றச் சாட்சியத்துக்காகவோ வைத்திருப்பதற்கு, சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 15ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்த இடம் புகார் கொடுப்பவருக்குத்தான். சிறாருக்கு எதிரான குற்றம் நடந்தது தெரிந்தால் தெரிவிக்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? படத்தை அழிக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள், வேறு போனில் படமெடுக்காதீர்கள். பேக்கப்பை நிறுத்துங்கள். மறையும் செய்திகள் இயங்கிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். அனுப்பியவரின் பயனர் பெயர், எண், தேதி, நேரம் ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். போனோடு அன்றைக்கோ மறுநாளோ புகார் கொடுங்கள். காவல் நிலையம் என்றதும் பலரும் பின்வாங்குகிறார்கள். பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ விரும்பும் இடத்திலோ வைத்து, முடிந்தவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் பதிவுசெய்ய வேண்டும் என்றும், இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது என்றும் போக்சோவின் 24ஆம் பிரிவு சொல்கிறது. இதை எடுத்துச் சொல்லி அந்த உரிமையைக் கேளுங்கள்.

பக்கத்தில் பிள்ளை

இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விட ஒரு தகவல் மூலம் நம்பகமானது. அது பிள்ளையின் வாய். ஃபோல்டரின் பெயர் படம் வந்த வழியைச் சொல்லும். யார், எதற்காக, அதற்கு முன் என்ன பேசினார்கள் என்பதைப் பிள்ளைதான் சொல்ல முடியும். மிரட்டுகிறவர்களின் முதல் ஆயுதமே "உன் அப்பா அம்மாவுக்குத் தெரிந்தால் உன்னைக் கொன்றுவிடுவார்கள்" என்ற பயம்தான். இரவில் தூங்கும் பிள்ளையின் விரலை வைத்துப் போனைத் திறந்து துழாவி, காலையில் விசாரணை நடத்தும் பெற்றோர், அந்த மிரட்டல்காரன் சொன்னது உண்மை என்று நிரூபிக்கிறார்கள்.

பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போனைத் திறங்கள். "கண்ணு, போன்ல ஒரு அலர்ட் வந்திருக்கு. மெஷின் தப்பாவும் சொல்லும். நீயும் நானும் சேர்ந்து பாப்போம். எதுவா இருந்தாலும் உன்னைத் திட்ட மாட்டேன்" என்று சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினால் மீதியும் முடியும். எட்டு வயதுப் பிள்ளையிடம் கேலரியை முழுவதும் பார்க்கலாம். பதினைந்து வயதுப் பெண்ணின் மற்றப் படங்களைத் துருவ நமக்கு வேலையில்லை. அலர்ட் சுட்டிய நாளை, அந்த ஃபோல்டரை மட்டும் பார்த்தால் போதும். போனைப் பிடுங்கி வைத்துவிடுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மிரட்டலில் சிக்கியிருக்கும் பிள்ளைக்கு அது தண்டனையாக மட்டுமே தெரியும். அடுத்த முறை அலர்ட் வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் அழிக்கக் கற்றுக்கொள்ளும்.

எட்டில் ஆறு பொய் என்ற கணக்கை இங்கே மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு முறை வெற்று அலர்ட் வந்தபோது நாம் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்துத்தான், ஏழாவது முறை உண்மையாக வரும்போது நம்மிடம் வருவதா வேண்டாமா என்று பிள்ளை முடிவுசெய்யும்.

குழந்தைகளுக்கான உதவி எண் 1098. நாடு முழுவதும், நாள் முழுவதும், இலவசம். பிள்ளையே பேசலாம். இணையவழிப் பண மோசடிக்கும் மிரட்டிப் பணம் பறிப்பதற்கும் 1930. மத்திய அரசின் சைபர் குற்றப் புகார்த் தளத்தில் சிறார் தொடர்பான புகார்களைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். இந்தப் பக்கத்தை மூடுவதற்கு முன் 1098ஐ உங்கள் பிள்ளையின் போனில் சேமித்துக் கொடுங்கள். என்னிடம் சொல்ல முடியாத நாள் வந்தால் இங்கே கூப்பிடு என்றும் சொல்லிவையுங்கள்.